மோட்டாரை விடுங்கள், ஜாரைப் பாருங்கள்

பிளெண்டர் வாங்கக் கிளம்புகிற எல்லாரும் முதலில் பார்ப்பது குதிரைத்திறனைத்தான். பெட்டியில் 3 என்று போட்டிருந்தால் 2 என்று போட்டதை யாரும் சீண்டுவதில்லை. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட், மூன்று என்றால் 2238. இந்த ரக பிளெண்டர்கள் பிறந்த அமெரிக்காவில் சாதாரண வீட்டு பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். மொத்தமே 1800 வாட். மீதி எங்கிருந்து வரும்? ‘உச்சத் திறன்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கான கதை அது. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட், ஆம்பியரைத்தான் நான் நம்புவேன்.

எங்கள் வீட்டில் இருப்பது வைட்டமிக்ஸ் நிறுவனத்தின் 5200 மாடல். அக்கா வீட்டில் பிளெண்ட்டெக் நிறுவனத்தின் பிளெண்டர், வைல்ட்சைடு என்ற ஜாருடன். இரண்டிலும் மாறி மாறி அரைத்திருக்கிறேன். மோட்டாரில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசமெல்லாம் ஜாரில்தான்.

5200-இன் ஜார் உயரமானது, ஒடுக்கமானது. 64 அவுன்ஸ், சுமார் 1.9 லிட்டர். அடிப்பக்கம் குறுகலாக இருப்பதால் கொஞ்சமாகப் போட்டாலும் பிளேடிடமிருந்து தப்பி ஒதுங்க இடமில்லை. ஒருவருக்கோ இருவருக்கோ அரைப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் ஜாரோடு சேர்த்து 20 அங்குலத்துக்குமேல் உயரம். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 18 அங்குலம்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு தடவையும் ஜாரைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

வைல்ட்சைடு ஜார் குட்டை, அகலம், சதுரம். ஒரு மூலையை வெட்டி ஐந்தாவது பக்கம் வைத்திருக்கிறார்கள். சும்மா வட்டமடிக்கும் சரக்கை அது மறித்துத் திரும்பவும் பிளேடுக்கே அனுப்புகிறது. பிளேடு மொட்டையானது. கூர்மை இல்லையே என்று பயப்பட வேண்டாம், இங்கே வேலை செய்வது வேகம். நிறைய பழம், நிறைய தண்ணீர், ஐஸ் என்று ஒரு குடும்பத்துக்கே அரைக்கும்போது அக்காவுடையது அருமை. பிளெண்ட்டெக் நிறுவனர் டாம் டிக்சன் 2006-இலிருந்து யூடியூபில் கோல்ஃப் பந்தையும் ஐபோனையும் தன் பிளெண்டரில் போட்டுப் பொடியாக்கிக் காட்டினார். வேடிக்கைதான். ஆனால் போன் உலர்ந்தது, நொறுங்கக்கூடியது. கெட்டியான பாதாம் விழுதுதான் உண்மையான பரீட்சை.

கெட்டியாக எதை அரைத்தாலும் பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக்குமிழ் உண்டாகும். மோட்டார் ஓடும், சத்தம் திடீரென்று லேசாகும், மேலே இருப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும். எத்தனை வாட் கொடுத்தாலும் இது தீராது. வைட்டமிக்ஸோடு டேம்பர் என்று ஒரு குச்சி வருகிறது. மூடியில் உள்ள துளை வழியாக விட்டு, மோட்டார் ஓடும்போதே அமுக்கலாம். பிளேடைத் தொடாத நீளம். பிளெண்ட்டெக்கில் இந்த வேலைக்கு ட்விஸ்டர் என்ற தனி ஜார், மூடியிலேயே திருகுபிடியோடு. கெட்டி விழுதுகள்தான் உங்கள் பிழைப்பு என்றால் அதன் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பிளெண்ட்டெக்கின் பொத்தானா, 5200-இன் வேகம் மாற்றும் திருகா என்பது அவரவர் குணம். அக்கா பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள், அது தானே நின்றுவிடும். எனக்கு விழுதின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருகைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இரண்டுமே காது கிழிகிற சத்தம்தான். அதில் தேர்வுக்கு இடமில்லை.

பிளேடு உராய்வின் சூட்டிலேயே ஐந்தாறு நிமிடத்தில் சூப் ஆவி பறக்கும். பெரிய ஜாரின் மூடியில் ஆவி போக வழி இருக்கிறது. சில மாடல்களோடு வரும், தலைகீழாகக் கவிழ்த்து மாட்டுகிற சின்னக் கப்பில் அது இல்லை. சூடான எதையும் அதில் போடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறி வெடித்துத் தெறிக்கும்.

பழுது விஷயத்தில் என் ஓட்டு 5200-க்கு. பிளேடைப் பிடித்திருக்கும் மரையைக் கழற்றி பிளேடை மட்டும் மாற்றலாம். மோட்டார் தண்டில் ஜார் உட்காரும் சாக்கெட்டும் தனி உதிரிப்பாகம். ஏதாவது சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதிலாக அதுதான் முதலில் உடையும். அகல ஜாரில் பேரிங் போனால் பெரும்பாலும் முழு ஜாரையே மாற்ற வேண்டியிருக்கும். ஜார் வெளுத்து மங்கிவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அது தண்ணீரின் உப்புப் படிவு, வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

5200-க்கு 7 வருட உத்தரவாதம் தருகிறார்கள். புதிது கையைக் கடித்தால், நிறுவனமே திரும்ப வாங்கிச் சரிபார்த்து விற்கிறதையும் கேட்டுப் பாருங்கள். பழைய மாடல் என்று கடைக்காரர் முகம் சுளிக்கலாம். ஒரு திருகும் இரண்டு சுவிட்சும் உள்ள இயந்திரத்தில் பழசாக என்ன இருக்கிறது?