கடலோரப் பாதையில் கடல் எங்கே? பிரான்சின் வெலோடிசே, ருவயான் முதல் பயோன் வரை

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடலாம். லா வெலோடிசேவுக்குப் பெயர்தான் அட்லாண்டிக் கடலோர சைக்கிள் பாதை. விளம்பரப் படங்களில் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே நீலமாகக் கடல் விரிந்து கிடக்கும். நேரில் போனால் முக்கால்வாசித் தூரம் கண்ணுக்குத் தெரிவது பைன் மரங்கள்தான். அலைச் சத்தம் கேட்கும், உப்புக்காற்று மூக்கில் ஏறும், கடலை மட்டும் காணோம். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பாதை பிடித்துப்போகும். தெரியாமல் போகிறவர்கள் மூன்றாம் நாளே சலித்துக்கொள்வார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். குறைத்த ஒன்று கடல் தெரியாததற்காக அல்ல, அதைச் சொல்லாமல் அழைத்துப்போவதற்காக.

லா வெலோடிசே மொத்தம் சுமார் 1,300 கி.மீ. வடக்கே பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்து ரோஸ்கோஃப் துறைமுகத்தில் தொடங்கி, தெற்கே ஸ்பெயின் எல்லையில் இருக்கும் ஆந்தாயில் முடிகிறது. யூரோவெலோ 1 என்ற ஐரோப்பிய சைக்கிள் நெடுந்தடத்தின் பிரெஞ்சுப் பகுதி இது. வடக்குப் பாதியில் கணிசமான தூரம் கால்வாய்க் கரை. ஆற அமர ஓட்ட நினைப்பவர்களுக்கு முழுப் பாதையும் வேண்டியதில்லை. ஜிரோந்த் கழிமுகத்தின் வடகரையில் உள்ள ருவயானில் ஏறி, பயோனில் இறங்குவதே சரியான துண்டு. 300 கி.மீ.க்குச் சற்று அதிகம், பெரும்பாலும் கார் வராத தனிப்பாதை, மேடு மிகக் குறைவு. ஒரு நாளைக்கு 40 முதல் 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏழு நாள் ஆகும். இடையில் ஒரு நாள் ஏரிக்கரையில் சும்மா கிடக்க நினைத்தால் எட்டு நாள்.

கடல் ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரை முழுக்க ஒரே மணல்மேடு. காற்று அந்த மணலை உள்நாட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருந்ததால், அதைக் கட்டுப்படுத்த 19ஆம் நூற்றாண்டில் பைன் மரங்களை நட்டார்கள். மேட்டுக்குப் பின்னால் இருந்த லாந்த் சதுப்புநிலத்தை வடித்துக் காடாக்க 1857இல் சட்டமே வந்தது. சைக்கிள் பாதை மணல்மேட்டுக்கு உள்பக்கம், அந்தக் காட்டின் ஓரமாகவே ஓடுகிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் பாதையை விட்டு விலகி, வண்டியைப் பூட்டிவிட்டு, மணல்மேட்டில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே பூட்டு நல்லதாக இருக்கட்டும். பின்பைகளையும் கேரியரோடு கோத்துப் பூட்ட ஒரு மெல்லிய கம்பிவடம் இருந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம்.

குளியல் என்றதும் ஒரு எச்சரிக்கை. இங்கே கரையோரம் மணலில் பள்ளங்கள் உருவாகி, கடல் ஓதம் வடியும்போது அதிலுள்ள நீர் வேகமாகக் கடலுக்குள் இழுக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை 'பாயின்' (baïne) என்பார்கள். மேலே பார்த்தால் குளம்போல அமைதியாக இருக்கும். அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆபத்து. உயிர்காப்பாளர் கொடி நட்ட எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள்.

ருவயானிலிருந்து கழிமுகத்தைக் கடக்கப் பெரிய படகு உண்டு. கார்களும் ஏறும், சைக்கிளுக்குத் தனிச் சீட்டு, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அக்கரையில் லெ வெர்தோன், அதை அடுத்து சூலாக், மோந்தாலிவே, ஊர்த்தான், லாக்கானோ. இந்த 85 கி.மீ. பகுதிக்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கதை ஒன்று உண்டு. காட்டுக்குள் வரும் ஒடுக்கமான கான்கிரீட் தடங்களில் பல, ஜெர்மானிய ராணுவம் கடலோரக் காவல் அரணுக்குப் பொருள் கொண்டுபோகப் போட்டவை. இன்று அவையே சைக்கிள் பாதை.

பெருமையாகச் சொல்லலாம், ஓட்டும்போது பெருமை தெரியாது. பலகை பலகையாக வார்த்த கான்கிரீட். ஒவ்வொரு இணைப்பிலும் 'டக்' என்று ஓர் உதை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அந்த டக்-டக் நாள் முழுக்க ஓயாது. இதன் விளைவு இரண்டு. ஒன்று, உட்காருமிடமும் மணிக்கட்டும் வலிக்கும். இரண்டாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: கேரியர் போல்ட்டுகள் தளர்ந்துவிடும். கேரியரைச் சட்டத்தோடு பிடிக்கும் எம்5 போல்ட் ஒன்று கழன்று விழுந்தால் 12 கிலோ பை ஒரு பக்கம் சாய்ந்து, பின்சக்கர ஆரங்களில் உரசும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாலையில் அலன் சாவியால் எல்லா போல்ட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். உதிரியாக அதே அளவு போல்ட் இரண்டு கையில் இருக்கட்டும், நடுக்காட்டில் கடை கிடையாது.

தடத்தின் அகலமும் குறைவு. எதிரே குழந்தையை வைத்து இழுக்கும் இணைவண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். கான்கிரீட் ஓரம் மணலைவிட நாலு விரல்கடை உயரமாக இருக்கும். ஓட்டியபடியே ஓரத்தில் இறக்கி, மறுபடி சாய்வாக ஏற்றப் பார்த்தால் முன்சக்கரம் விளிம்பில் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். இந்தப் பாதையில் விழுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். வேகத்தைக் குறையுங்கள், நின்று காலை ஊன்றுங்கள், வழி விடுங்கள். மரியாதைக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

கடற்கரை ஊர்களின் அருகே பாதைமேல் மணல் படர்ந்திருக்கும். அதற்குள் நுழையும் முன்பே கியரை இறக்கி, உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் திருப்பாமல், முன்பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். மணல் ரிம் உயரத்துக்கு வந்துவிட்டால் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளுங்கள். மரவேர் தாரைத் தூக்கிய இடங்களும் உண்டு, அவற்றின்மேல் பைன் ஊசிகள் மூடியிருக்கும். மழைக்குப் பிறகு அந்த ஊசிமெத்தை எண்ணெய்போல வழுக்கும்.

ஆகவே டயர்தான் முக்கியம். 28 மி.மீ. பந்தயச் சைக்கிள் இங்கே தண்டனை. 38 முதல் 42 மி.மீ. அகலம், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் போதும். சுமையோடு பின்னால் 3.5 பார், முன்னால் 3 பார் காற்றழுத்தம். கான்கிரீட் பகுதியில் 0.25 பார் குறைத்தால் உதை பாதியாகத் தோன்றும், ஆனால் லாக்கானோ தாண்டித் தார்ச்சாலை வரும்போது மறக்காமல் ஏற்றுங்கள். செயினுக்கு ஈர எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டி அரைக்கும். உலர்ந்த வகை மெழுகு எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். தினமும் படுக்கும் முன் பழைய பல்துலக்கியால் செயினையும் பின் கியர்களையும் ஒரு தட்டுத் தட்டினால் மணல் கொட்டிவிடும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அச்சுகளுக்குள் மணல் போகும், அதைச் செய்யாதீர்கள்.

மின்சைக்கிள் வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டால், சமதளப் பாதை என்பதால் அவசியமில்லை. 500 வாட்-மணி பேட்டரி மெதுவான நிலையில் நாள் தூரத்தைத் தாராளமாகத் தாங்கும். பிரச்சினை ரயிலில் வரும். 25 கிலோ வண்டியை உயரமான கொக்கியில் முன்சக்கரத்தால் மாட்டுவது தனியாளுக்கு முடியாத காரியம். எந்த வாடகை வண்டியானாலும் கடையை விட்டு நகரும் முன் பிரேக் கட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பூட்டுக்கு மாற்றுச்சாவி உண்டா, கொடுத்த டியூபின் வால்வு பம்புக்குப் பொருந்துகிறதா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

லாக்கானோவிலிருந்து காப் ஃபெரே முனை ஒரு நாள். அங்கே பெலிசேர் படகுத்துறையில் ஏறினால் ஆர்க்கஷோன் விரிகுடாவை அரை மணியில் கடக்கலாம். இந்தப் பயணத்தின் மிக அழகான அரை மணி இதுதான்: சிப்பிப் பண்ணைக் கம்புகள், மரவீடுகள், தூரத்தில் வெள்ளையாக பிலா மணல்மேடு. ஆனால் இது ஆட்கள் போகும் சின்னப் படகு. சைக்கிளுக்கு இடம் கொஞ்சமே, கட்டணமும் தனி. கோடை வார இறுதியில் நண்பகலுக்குப் போய் நின்றால் படகு கிளம்புவதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். காலையிலேயே போங்கள். சீசன் முடிந்தால் சேவை குறையும், அன்றைய நேரத்தை முந்தின நாளே பாருங்கள். படகு கிடைக்காவிட்டால் விரிகுடாவைச் சுற்ற 60 கி.மீ.க்கு மேல் ஆகும்.

பிலா மேடு சுமார் 100 மீட்டர் உயரம், ஐரோப்பாவிலேயே மிக உயரமான மணல்மேடு. பாதை அதன் காலடியில் போகிறது. வண்டியை நிறுத்தத்தில் பூட்டிவிட்டு மாலையில் ஏறுங்கள். அங்கிருந்து பிஸ்கரோஸ் வரை சுற்றியிருந்த காடு 2022 ஜூலை காட்டுத்தீயில் வெகுவாக அழிந்தது. முன்பு நிழலாக இருந்த இடத்தில் இப்போது நேரடி வெயில். சின்னச் சின்ன ஏற்றங்களும் இங்கேதான் வரிசையாக வருகின்றன. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பிஸ்கரோஸுக்கும் மிமிசானுக்கும் இடையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 'ஏன் கரையை விட்டு உள்ளே சுற்ற வேண்டும்' என்று குறுக்குவழி தேடாதீர்கள். கரை முழுக்க ஏவுகணைச் சோதனைக்கான ராணுவ நிலம், யாரும் நுழைய முடியாது. சுற்றுப்பாதை ஏரிகளை ஒட்டிப் போவதால் நட்டமில்லை. அலையில்லாத நீர், குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கடலைவிட இதுவே மேல். மிமிசானிலிருந்து ஓஸ்கோர் வரை இரண்டு நாள் காடு, காடு, மறுபடி காடு. லெயோன் ஏரியிலிருந்து ஊஷே ஓடைவழியாகத் தட்டைப்படகில் அழைத்துப்போவார்கள், அந்தச் சலிப்புக்கு நல்ல மருந்து. முன்பதிவு தேவை.

எப்போது போவது? ஜூன் அல்லது செப்டம்பரின் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் கூடாரத்துக்குக்கூட இடம் தேட வேண்டும். அதோடு தீ அபாயம் கூடும் நாள்களில் காட்டுப்பாதைகளை மாவட்ட நிர்வாகம் மூடிவிடும், அன்று சாலைதான் கதி. அக்டோபருக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் கடைகள் பாதி அடைத்திருக்கும். திசை வடக்கிலிருந்து தெற்கு. நல்ல வானிலையில் மதியக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து முதுகைத் தள்ளும். தங்குமிடத்தில் 'அக்கெய் வெலோ' பலகை இருந்தால் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவியும் தருவார்கள்.

சட்டம் கண்டிப்பானது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். இரவில் ஊருக்கு வெளியே ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கி வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

ரயிலைப் பொறுத்தவரை, வட்டார டெர் ரயிலில் இடமிருந்தால் ஏற்றலாம், முன்பதிவு பெரும்பாலும் கிடையாது. பைகளை நடைமேடையிலேயே கழற்றிவிடுங்கள், ரயில் வந்து நின்ற பிறகு கழற்ற நேரம் இருக்காது. அதிவேக ரயிலில் முன்பதிவு இடம் இல்லையென்றால் வண்டியைப் பிரித்து 130×90 செ.மீ. பைக்குள் அடைக்க வேண்டும்.

பயோனுக்குத் தெற்கே, பியாரிட்ஸ் தாண்டி, கடைசியில் கடல் தெரியும். பாறைமுகடு, கீழே நுரை, விளம்பரப் படத்தில் பார்த்த அதே காட்சி. கூடவே ஏற்றங்களும் கார்களும் வரும். முழுச் சுமையோடு அங்கே போக வேண்டாம். பைகளைப் பயோன் அறையில் வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு காலையில் கிளம்பி ஆந்தாய் வரை சுமார் 40 கி.மீ. ஓட்டி, மாலை டெர் ரயிலில் திரும்பிவிடுங்கள்.