எலிவேட்டர் தலைக்குப் போகும் கேட்வாக்: ஒரு ரைஸ்மில் ஃபிட்டரின் மதிப்பீடு

காங்கேயம் பக்கம் ஒரு புழுங்கலரிசி ஆலையில் பராமரிப்பு என் பொறுப்பு. போன அறுவடைக்கு முன்னால் நெல்லை மேலே தூக்கும் எங்கள் பக்கெட் எலிவேட்டர்களின் தலைகளை (மோட்டாரும் கியர்பாக்ஸும் இருக்கும் உச்சி) எல்லாம் சேர்த்து ஒரே நீள கேட்வாக், அதாவது உயரத்து நடைபாதை, போட்டார்கள். தரையிலிருந்து 12 மீட்டர் உயரம், 800 மி.மீ. அகலம், துத்தநாகம் பூசி கால்வனைஸ் செய்த கிரேட்டிங் (இடைவெளி விட்டுப் பட்டைகள் அடுக்கிய சல்லடை மாதிரி) தளம். செய்தது கோவைப் பட்டறை ஒன்று. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

இதற்கு முன் மேலே பெல்ட் ஒதுங்கினால் நெல் கொட்டி வைக்கும் தொட்டியின் விளிம்பில் பலகை போட்டுத்தான் போவோம். எங்கள் மூத்த மெக்கானிக், "புடிச்சுக்கிட்டே போனா ஒண்ணும் ஆவாதுங்க தம்பி" என்பார். பிடிப்பதற்கு அங்கே இருந்தது நெல் இறங்கும் ஸ்பவுட்டிங் பைப் மட்டும். உயரத்தில் வேலை செய்கிறவன் விழாமலிருக்க வேலி முதலான ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. ஆலைகள் பலவற்றில் அந்த வேலி இன்னும் மெக்கானிக்கின் கைவிரல்கள்தான்.

முதலில் தளம். பட்டறைக்காரர் சொன்னது 6 மி.மீ. செக்கர் பிளேட், மேலே மேடு மேடாக இருக்கும் ஓட்டையில்லாத தகடு. நம் ஊரில் ஃபேப்ரிகேஷன் கூலி கிலோ கணக்கில் போவது தெரியும்தானே? 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. கனம் கூடினால் பில்லும் கூடும். ஆனால் நான் கிரேட்டிங் கேட்டதற்குக் காரணம் தவிடு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. செக்கர் பிளேட்டின் மேடுகளுக்கு நடுவே அது படிந்து, புழுங்கல் பக்கத்து ஆவியும் சேர்ந்தால், செருப்புக்கால் நிற்காது. கிரேட்டிங்கில் சுணையும் தவிடும் கீழே இறங்கிவிடுகின்றன. மேலே படிந்து கிடக்கும் தூசி தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அதுவும் ஒரு லாபம். சீசன் முழுக்க ஓடியும் கால் வழுக்கியதென்று ஒருவரும் சொல்லவில்லை. கால்வனைசிங்கும் பரவாயில்லை. பக்கத்திலேயே பெயின்ட் அடித்த பழைய ஏணி துருவேறி உரிகிறது, இதில் ஒன்றும் இல்லை.

கிரேட்டிங்கின் தொல்லை வேறு. பட்டைகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி. எம் 12 நட்டு 19 மி.மீ.தான், தாராளமாக விழும். பக்கெட் போல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 12 மீட்டரிலிருந்து விழும் நட்டு தரைக்கு வரும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே அரிசி தீட்டும் பாலிஷர் பக்கத்தில் ஆள் நிற்கிறான். ஐ.எஸ்.ஓ. 14122 தரநிலை இதை அழகாகப் பிரித்துச் சொல்கிறது: நடைபாதைத் தளத்தில் 35 மி.மீ. உருண்டை விழக்கூடாது, கீழே ஆட்கள் நின்று வேலை செய்யும் இடமென்றால் 20 மி.மீ. உருண்டைகூட விழக்கூடாது. இதைக் காட்டிய பிறகு பாலிஷருக்கு நேர்மேலே மட்டும் செக்கர் பிளேட் போட்டுத் தந்தார்கள். எக்ஸ்ட்ரா பில்லோடு. அங்கே ஒருவர் தினமும் துடைப்பம் போட்டாக வேண்டும். மற்ற இடங்களில் பக்கெட் கழற்றும்போது சாக்கு விரித்துக்கொள்கிறோம்.

கைப்பிடி நன்றாக அமைந்தது. 1,100 மி.மீ. உயரம், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, காலடியில் சாமான் உருண்டு விழாமல் தடுக்கும் 100 மி.மீ. டோ பிளேட். முதல் வரைபடத்தில் 900 என்று போட்டிருந்தார்கள்; வீட்டு மொட்டைமாடிக்குப் போடும் கணக்கு. கிரீஸ் கன்னோடு குனிகிறவனுக்கு அது இடுப்புக்குக் கீழே போய்விடும்.

இன்னொரு நல்ல வேலை: கேட்வாக்கின் பாரம் முழுவதையும் தனித் தூண்களில் இறக்கியது. சில பட்டறைகள் பக்கெட்டுகள் ஓடும் கூடான எலிவேட்டர் கேசிங்கிலேயே பிராக்கெட்டை வெல்டு வைத்துவிடும். அந்தக் கேசிங் மெல்லிசுத் தகடு, ஆள் நடக்க நடக்க முறுக்கிக்கொள்ளும். பிறகு பக்கெட் உரசுகிறது என்று பெல்ட்டைக் குறை சொல்லித் திரியவேண்டியதுதான்.

குறைகளுக்கு வருகிறேன். ஸ்பவுட்டிங் பைப் கீழே இறங்கும் இடங்களில் கிரேட்டிங்கை மேலேயே வைத்து கேஸ் கட்டரில் வெட்டினார்கள். வெட்டு முனைக்குப் பட்டை கட்டவில்லை, ஜிங்க் பெயின்ட்டும் அடிக்கவில்லை. முதலில் துரு பிடித்ததும் அங்கேதான், சட்டை மாட்டிக் கிழிவதும் அங்கேதான். ஒரு துண்டை வேறு திசை மாற்றிப் போட்டிருந்தார்கள். பாரம் தாங்கும் பட்டை ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கிக்கு ஓடவேண்டும். திருப்பிப் போட்டால் மெல்லிய குறுக்குக் கம்பியின் மேல்தான் நாம் நிற்கிறோம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் வாங்குகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். போன் செய்த பிறகு ஆள் அனுப்பி மாற்றினார்கள், தாமதமாக.

பெரிய குறை, எலிவேட்டர் தலைக்கு மேலே கனம் தூக்க பீம் இல்லாதது. மனிதன் போக வழி போட்டார்கள், கியர்பாக்ஸ் போக வழி போடவில்லை. 45 டிகிரி படிக்கட்டில் கையை வீசிக்கொண்டு ஏறலாம். நூறு கிலோவுக்கு மேலுள்ள கியர்பாக்ஸைத் தோளில் ஏற்ற முடியுமா? கனம் தூக்கும் செயின் பிளாக் மாட்ட இடமில்லாமல் கூரை டிரஸ்ஸில் கயிறு கட்டித்தான் ஏற்றினோம். அந்த டிரஸ் அதற்குப் போட்டதல்ல. இவ்வளவு செலவு செய்து கேட்வாக் போட்டதே மோட்டாரும் கியர்பாக்ஸும் அங்கே இருப்பதால்தான்.

படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்க்குத்து மங்கி ஏணி இடத்தை அடைக்காது, விலையும் குறைவு. ஆனால் கையில் ஸ்பேனர் பையோடு ஏறுகிறவன் ஒரு கையால்தான் பிடிப்பான். இடம் இருந்தால் படிக்கட்டே போடுங்கள். அறிவிப்புப் பலகையை இந்தியிலும் எழுதி வாங்குங்கள். மேலே ஏறுகிறவர்களில் பாதிப்பேர் பீகார்ப் பையன்கள்.

குடோனில் போட நினைக்கிறவர்களுக்கு: தீயை அணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் கேட்வாக்கின் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 13 ஸ்பிரிங்க்ளர் விதிப்படி 4 அடிக்கு மேல் அகலமான தளம், ஓட்டை ஓட்டையான கிரேட்டிங்காகவே இருந்தாலும், அதன் கீழேயும் ஸ்பிரிங்க்ளர் வைக்கவேண்டும். தண்ணீர் இறங்கிவிடும் என்று பட்டறைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். டிரையர் பக்கத்துக்கும் இதே பட்டறையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தில் லிஃப்டிங் பீம் வரட்டும், வெட்டுகளெல்லாம் கால்வனைசிங்குக்கு முன்னால் முடியட்டும், அட்வான்ஸ் அப்புறம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.