கடற்காற்றுக்குத் தப்பியவை: மூன்று பிள்ளைகளோடு 14 ஆண்டுப் பாவனை அனுபவம்

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நான்காம் தளத்தில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் காற்றும் வரும், காற்றோடு உப்பும் வரும். மூத்தவனுக்கு 14 வயது, நடுவிலாளுக்கு 11, கடைக்குட்டிக்கு 5. மூத்தவனுக்கு வாங்கிய பொருள் கடைக்குட்டியின் கைக்கு வந்து சேர்ந்ததா, வரும் வழியில் உடைந்திருந்தால் வீட்டிலேயே அதைத் திருத்த முடிந்ததா என்பதுதான் நான் பொருள்களை அளக்கும் அளவுகோல். பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள் என்பதை இப்போது நான் பெரும்பாலும் வாசிப்பதில்லை. இங்கே சொல்பவை எல்லாம் எங்கள் காசில் வாங்கியவை, அல்லது உறவினர் கொடுத்தவை.

முதலில் புத்தகங்கள். சிறுவர் படக்கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவை நடுப்பக்கத்தில் இரண்டு கம்பிப் பின்கள் குத்திக் கட்டப்பட்டவை. கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் இது ஒரு குறையாகத் தெரியாமல் இருக்கலாம். கடலோரத்தில் அந்தப் பின்கள் ஓராண்டுக்குள் துருப்பிடிக்கின்றன. துருவைச் சுற்றித் தாள் பழுப்பேறி நொறுங்குகிறது. ஒரு நாள் பிள்ளை பக்கத்தைப் புரட்டும்போது நடுத்தாள், இரண்டு பழுப்பு ஓட்டைகளோடு, தனியே கையில் வந்துவிடுகிறது. மூத்தவனின் புத்தகங்களில் ஏழெட்டு அப்படித்தான் போயின. நூலால் தைத்துக் கட்டிய புத்தகங்கள், முதுகு சற்றே தளர்ந்தாலும், மூன்று பிள்ளைகளையும் தாண்டி இன்னமும் இறாக்கையில் நிற்கின்றன. அதனால் இப்போது புதுப் புத்தகம் எதை வாங்கினாலும் அன்றைக்கே பின்களைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டைகள் வழியாக ஊசியும் தடித்த பருத்தி நூலும் கொண்டு தைத்துவிடுகிறேன். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் போதும். கைக்குழந்தைகளுக்கான தடித்த மட்டைப் புத்தகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் அவற்றின் ஓரங்கள் ஊதி மட்டை அடுக்கடுக்காகப் பிரிகிறது, அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

புத்தகம் கட்டிய விதத்தை விடப் பெரிய விடயம் மொழி. இங்கே கடைகளில் கிடைக்கும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் கணிசமானவை தமிழகத்தில் அச்சானவை. படங்களும் அச்சும் அழகானவை, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதையின் ஓட்டம் ஒரு சொல்லில் அறுந்துவிடும். வேர்க்கடலை தின்னும் அணிலின் கதையை மாமி கடைக்குட்டிக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, அவள் படத்தில் கைவைத்து, "அப்பம்மா, இது கச்சான் எல்லோ?" என்று கேட்டாள். மாமி கொஞ்சமும் தடுமாறாமல், "ஓம் குஞ்சு, அந்த அணிலுக்கு அது வேர்க்கடலை, எங்கட அணிலுக்குக் கச்சான்" என்றார். அதன்பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது: பப்பாளிக்குப் பப்பாசி, கால்பந்துக்கு உதைபந்து, காபிக்குக் கோப்பி என்று பென்சிலால் பக்க ஓரத்தில் எழுதிவைக்கிறோம். இரு வழக்கும் பிள்ளைக்குத் தெரிவது நல்லதே. ஆயினும் முதன்முதலாகத் தானே எழுத்துக்கூட்டி வாசிக்கும் புத்தகத்தில் வீட்டில் புழங்கும் சொல் இருந்தால் அவளுடைய முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த வகையில், 2005 முதல் இலங்கையில் இயங்கிவரும் ரூம் டு ரீட் அமைப்பு சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட்ட கதைப் புத்தகங்கள் எங்களுக்குப் பெரிதும் உதவின.

2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்ட காலத்தில், புத்தக விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. அப்போது பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இறக்கிக் கைபேசியில் வாசித்தோம். திறந்த உரிமத்தில் உள்ளவை என்பதால் பிடித்த கதைகளை அச்செடுக்கவும் தடையில்லை. மொழிபெயர்ப்புத் தரம் கதைக்குக் கதை மாறுகிறது. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

நான் வாங்கியவற்றுள் மிக மோசமானது, தொட்டால் எழுத்தைச் சொல்லும் மின்னணுப் பலகை. ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே மாதிரி உச்சரித்தது முதற் குறை. ஏழாம் மாதத்தில் பற்றரி இருக்கும் இடத்துக் கம்பிச் சுருள்கள் பச்சை பூத்துச் செயலிழந்தது இரண்டாவது. பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனபோது, "கடலடி வீடுகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். வெள்ளவத்தையிலேயே கடை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது அதன் பற்றரி மூடி. உள்ளே இருந்தவை பொத்தான் பற்றரிகள். மூடியிலோ திருகாணி இல்லை, நகத்தால் தள்ளினாலே திறந்துகொள்ளும். பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். திருகாணியிட்ட மூடி இல்லாத எந்த விளையாட்டுப் பொருளையும் இப்போது நான் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் எங்கள் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் தொடங்கியது. நான் சீட்டுக் கட்டை எடுத்துவந்ததைப் பார்த்து மாமி, "இதென்ன பிள்ளை, சின்னதுகளுக்குச் சூது பழக்கிறீரோ?" என்று கேட்டார். ஊரில் கடுதாசி விளையாடுவதற்கு இருந்த பெயர் அப்படி. ஆனால் இந்த ஆட்டம் ஒரு கணக்குப் பாடம். 32 சீட்டுகள், ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. நடுவிலாளுக்கு அப்போது எட்டு வயது. பாடசாலைக் கூட்டல் கணக்குக்கு அழுதவள், எதிரணி பிடித்த புள்ளிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மனத்தாலேயே கூட்டிச் சொன்னாள். தன்னிடமுள்ள துரும்பை முகத்தில் காட்டாமல் இருக்க மூத்தவன் பழகினான், அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னமும் ஐயம்தான். இரண்டு கிழமைக்குள் மாமியே எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். வாங்குபவர்கள் முழுப் பிளாஸ்டிக் சீட்டுகளாக வாங்குங்கள். காகிதச் சீட்டுகள் எங்கள் ஈரக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தோம். ஒரே மழைக்காலத்தில் நடுவே வளைந்து, காய்கள் எல்லாம் தாமாகவே ஒரு மூலைக்கு நகரத் தொடங்கின. இரண்டாவது பலகையைக் கட்டிலின் கீழே தட்டையாக வைக்கிறோம், ஆறு ஆண்டாக அது சரியாக இருக்கிறது. பலகையில் தூவும் போரிக் பவுடர் கரப்பான் பூச்சி கொல்லவும் பயன்படுவது; ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் கைகழுவாமல் சாப்பிட அமர நான் விடுவதில்லை.

பல்லாங்குழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கைவினைப் பொருள்கள் விற்கும் இடமொன்றில் 14 குழிகள் கொண்ட அழகிய மரப்பலகை வாங்கினோம். சிங்களவர்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ஒலிந்த கெலிய எங்கள் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. அதற்கான ஒலிந்த விதைகளும், அதாவது நமது குன்றிமணிகளும், ஒரு துணிப் பையில் கூடவே வந்தன. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குன்றிமணியின் உள்ளே அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கடினமான தோல் உடையாதவரை ஆபத்துக் குறைவு, மென்றாலோ உடைத்தாலோ நிலைமை வேறு. அப்போது கடைக்குட்டிக்கு இரண்டு வயது, கண்டதெல்லாம் வாய்க்குள் போகும் பருவம். அன்றிரவே விதைகளை எண்ணி எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, சமையலுக்குக் கரைத்த புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கத் தொடங்கினேன். புளியங்கொட்டையும் சின்னப் பொருள்தான், தொண்டையில் அடைக்கக்கூடியதுதான். அதனால் அவள் வளரும்வரை பலகை அலுமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது.

பிளாஸ்டிக் கட்டைகளில் லெகோ நிறுவனத்தின் டூப்லோ மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் உழைத்தது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் போதும். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய பெயரில்லாக் கட்டைகள் ஓராண்டில் பிடிமானம் தளர்ந்துவிட்டன. குழந்தைத் தள்ளுவண்டி வீண். காலி வீதி நடைபாதையில் அதைத் தள்ளியவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுப் பெட்டி சில்வராக இருக்கட்டும், ஆனால் மூடியின் றப்பர் வளையம் கழற்றிக் கழுவக்கூடியதா என்று பாருங்கள், பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான்.

கடையில் வாங்காத ஒன்றைத்தான் எங்கள் வீட்டின் சிறந்த விளையாட்டு என்பேன். எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆங்கில ஸ்கிரபிளில் 100 காய்கள். அதைத் தமிழில் செய்து பார்க்க மூத்தவன் ஆசைப்பட்டபோது, 247 எழுத்துக்கும் காய் செய்வது ஆகாத வேலை என்று புரிந்தது. எனவே 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 வகைக் காய்களை மட்டும் காட்போட் மட்டையில் பல பிரதிகளாக வெட்டினோம். மெய்யையும் உயிரையும் அருகருகே வைத்தால் உயிர்மெய். வாழைப்பழம் எழுத்தில் ஆறுதான்; எங்கள் ஆட்டத்தில் அதற்குப் பத்துக் காய்கள் வேண்டும். வ், ஆ, ழ், ஐ என்று அடுக்கிக்கொண்டு போகும்போது, எது ழ், எது ள் என்று நடுவிலாள் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. மின்னணுப் பலகை ஏழு மாதத்தில் குழப்பியதை இந்த மட்டைத் துண்டுகள் சில மாதங்களில் தெளிவாக்கின. மட்டை ஈரத்தில் நமுத்துப்போவதால் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வெட்டுகிறோம். இந்த ஆண்டு வெட்டும் முறை கடைக்குட்டியுடையது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் அவள் முதலில் வெட்டியது ஃ.