மருதமுனைக் கைத்தறி என்று சொல்லி 40,250 ரூபாயைச் சுருட்டிய பக்கம்: கவனம்

நேற்று மாலை மருதமுனையிலிருந்து வீடு திரும்பியது முதல் கை நடுக்கம் நிற்கவில்லை. மனம் ஆறட்டும், பிறகு எழுது என்றார் கணவர். ஆறிவிட்டால் எழுதமாட்டேன். 40,250 ரூபாய் போய்விட்டது. அதில் என் பணம் 5,750 மட்டும்தான். மீதி, என்னை நம்பித் தந்த ஆறு ஆசிரியைகளின் பணம்.

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு ஏழு பேரும் ஒரே மாதிரிக் கைத்தறிச் சேலை கட்டுவதாக முடிவெடுத்தோம். கைத்தறி என்றால் எங்களுக்கு மருதமுனைதான். கல்முனை பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். விடைத்தாள் திருத்தும் வேலை கழுத்தை நெரித்ததால் போகாமல், எல்லோரும் பாவிக்கும் ஒரு சமூக ஊடகத்தில் தேடினேன். அங்கேதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

முகப்பில் தறியின் முன்னால் ஒரு முதியவர், தலையில் வெள்ளைத் தொப்பி, விரல்களில் சாயக்கறை. 'மூன்று தலைமுறை நெசவுக் குடும்பம்' என்று கீழே ஒரு வரி. நாடா ஓடும் சத்தத்தோடு காணொளிகள். 23,000 பேர் பின்தொடர்கிறார்கள். 'மாஷா அல்லாஹ், நிறம் அப்படியே இருக்கிறது' என்று வாங்கியவர்களின் பாராட்டுகள். இவ்வளவும் இருந்தும் நான் இரண்டு நாள் யோசித்தேன். என்னை வீழ்த்தியது வேறு ஒன்று. கடந்த டிசம்பர் 26 அன்று போட்டிருந்த ஒரு பதிவு. 2004இல் கடல் வந்தபோது தறியோடு உம்மாவையும் கொண்டுபோனது, அந்த உப்புத் தண்ணீரில் ஊறிய நூலை வாப்பா இன்னும் எறியவில்லை என்று எழுதியிருந்தது. நாவலடியில் அதே காலையில் என் சின்னம்மாவைப் பறிகொடுத்தவள் நான். அதை வாசித்துவிட்டு அழுதேன். அழுத கையோடுதான் விலை கேட்டு எழுதினேன்.

இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. யாரோ ஒருவன் எங்கள் சாவுகளை எடுத்துத் தன் முகமாகப் பூசிக்கொண்டிருக்கிறான்.

எழுதியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தங்கச்சி என்றார், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் காக்கா என்றேன். பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு வேறு பெயரில் இருந்தது. கேட்டேன். மைத்துனரின் கணக்கு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் பொறுப்பு என்றார். எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? 40,250 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

முதல் கிழமை, நூலுக்குச் சாயம் காயவில்லை, மழை என்றார். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் கிழமை, பார்சலை பஸ்ஸில் போட்டாயிற்று, கொண்டக்டரைக் கேளுங்கள் என்றார். எந்த பஸ் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆசிரியர் தினம் வந்து போனது. ஆளுக்கொரு பழைய சேலையில் போய் நின்றோம். ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. கடைசியாக ஒரு செய்தி: 'வாப்பா மௌத்தாகிவிட்டார் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள்.' இப்படிப்பட்ட நேரத்தில் சேலை கேட்டு நச்சரித்தோமே என்று வெட்கப்பட்டு, ஆறுதல் சொல்லி நீளமாக எழுதினேன்.

பிறகு மனம் கேட்கவில்லை. சாவு வீட்டுக்கு ஒரு தரம் போய்வருவோம் என்று நேற்றுப் புறப்பட்டேன். பெரியநீலாவணை தாண்டி இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் படத்தைக் காட்டினேன். ஒழுங்கையைக் கைகாட்டிவிட்டார்கள். உள்ளே போனால் அதே முதியவர், அதே தறி, நெய்துகொண்டிருக்கிறார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் தந்தார். விஷயத்தைச் சொன்னதும் தொலைபேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "மகள், இது நான்தான். என் தறிதான். ஆனால் இது எதுவும் நான் போட்டதில்லை" என்றார். சில வருடங்களுக்கு முன் யாரோ வந்து படமும் வீடியோவும் எடுத்தார்களாம். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய தொலைபேசி. எனக்கு முன்பே அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வந்து, வாசலில் நின்று கள்ளன் என்று ஏசிவிட்டுப் போயிருக்கிறார். அது ஏன் என்று அவருக்கு நேற்றுத்தான் விளங்கியது.

இரவு மகன் அந்தப் பக்கத்தின் விபரப் பகுதியைத் திறந்து காட்டினான். அது தொடங்கியது கைத்தொலைபேசி உறை விற்கும் பக்கமாக. மூன்று தடவை பெயர் மாறியிருக்கிறது. பெயர் மாறினாலும் பின்தொடர்பவர்கள் அப்படியே கூட வருவார்களாம். ஆக, அந்த 23,000 பேரும் சேலைக்காகச் சேர்ந்தவர்கள் இல்லை. பாராட்டியவர்களின் கணக்குகளைப் பார்த்தோம்: பூப்படம், நண்பர்கள் பத்துப் பேர், வேறு ஒன்றும் இல்லை.

அந்த ஊடகத்துக்கு முறையிட்டேன். விதிகளை மீறவில்லை என்று சில நிமிடங்களில் பதில் வந்தது. ஒரு மனிதர் வாசித்திருந்தால் அப்படி எழுதியிருப்பாரா? வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம் என்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள், உரையாடலை அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றம். அந்த 40,250 ரூபாய் திரும்புமா என்றால் எவரும் வாய் திறக்கவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பணம் போடுமுன் பக்கத்தின் பழைய பெயர்களைப் பாருங்கள். கணக்கின் பெயர் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள், மைத்துனர் கதையை நம்பாதீர்கள். தறிக்கு முன்னால் நின்று வீடியோ அழைப்பில் பேசச் சொல்லுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதே பக்கத்தில் பணத்தைத் தொலைத்தவர்கள் மருதமுனைக்குப் போய் அந்தப் பெரியவரின் வாசலில் சத்தம் போடாதீர்கள். நான் புறப்படும்போது அவர் தறிப்பக்கம் போகவில்லை. வாசற்கதவைச் சாத்திவிட்டு, அடுத்தது யார் வரப்போகிறார்களோ என்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.