ஒரு பதிவு, ஐந்து தளம்: எந்தக் கருவியை நம்பிப் போடலாம்?

எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தை முதலில் மாலை 5 மணிக்கு என்றுதான் முடிவு செய்திருந்தோம். அறிவிப்புப் படம் செய்து, பலதளப் பதிவுக் கருவி ஒன்றின் வழியாக ஒரே சொடுக்கில் ஐந்து இடங்களுக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் நேரம் 6 மணி என்று மாறியது. பேஸ்புக் பக்கத்தில் திருத்தினேன், ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானில் திருத்தினேன், டெலிகிராம் சேனலிலும் திருத்தினேன். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே உள்ள வரிகளை மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது. அதுவும் ட்விட்டர் வகையைச் சேர்ந்த புளூஸ்கையில் திருத்தும் வசதியே கிடையாது. அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். இந்த இரண்டையும் இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் மறந்துபோனேன்.

ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு நூலகத்துக்குப் போனால், பூட்டிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். "அஞ்சு மணின்னு போட்டிருந்துச்சே தம்பி, பொண்ணு காட்டுனா" என்றார். மகள் காட்டியது இன்ஸ்டாகிராம் படம்.

அன்றிலிருந்து இந்தக் கருவிகளை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. எத்தனை தளத்துக்கு அனுப்பும் என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. எனக்கு வேண்டியது வேறு மூன்று: போட்டதைத் திருத்த முடிகிறதா, தமிழ் எழுத்தை ஒழுங்காக எண்ணுகிறதா, கருவி நாளைக்கே மூடப்பட்டாலும் என் எழுத்து என் கையில் இருக்குமா.

மூன்றாவது கேள்வி வீண் பயம் இல்லை. பிங்.எஃப்எம் என்று ஒரு சேவை இருந்தது. மின்னஞ்சல், எஸ்எம்எஸ், சாட் என்று எதில் அனுப்பினாலும் பல தளங்களில் போட்டுவிடும். 2010-இல் அதை சீஸ்மிக் என்ற நிறுவனம் வாங்கியது, 2012-இல் சீஸ்மிக்கை இன்னொரு பலதளக் கருவியான ஹூட்சூட் வாங்கியது, அந்த ஆண்டோடு பிங்.எஃப்எம் கதை முடிந்தது. போஸ்டரஸ் அதைவிட அழகானது: ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், வலைப்பதிவாகவும் வரும், மற்ற தளங்களுக்கும் போகும். 2012 மார்ச்சில் ட்விட்டர் அதை வாங்கியது, 2013 ஏப்ரல் 30-இல் மூடியது. அங்கேயே நேரடியாக எழுதி வைத்திருந்தவர்கள் தங்கள் பதிவுகளை அவசரமாக இறக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

கருவி நிலைத்தாலும், எதிரே தளத்தின் கதவு திறந்திருக்க வேண்டுமே. 2018 ஆகஸ்ட் 1 முதல் தனிநபர் பக்கங்களில் வெளிக்கருவிகள் பதிவு போடுவதை பேஸ்புக் நிறுத்தியது. 2024 ஏப்ரலில் குழுக்களுக்கான ஏபிஐ-யும், அதாவது வெளிக்கருவிகள் நுழையும் வழியும், போனது. தமிழில் புத்தகப் பேச்சு பெரும்பாலும் குழுக்களில்தான் நடக்கிறது என்பதால் எங்களுக்கு இரண்டாவதுதான் பெரிய அடி. ட்விட்டர் 2023-இல் பழைய இலவச ஏபிஐ-யை நிறுத்திக் கட்டணத் திட்டங்களைக் கொண்டுவந்தது. வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் ஜெட்பேக் செருகுநிரல் அந்த ஆண்டே அங்கே தானாகப் போடுவதைக் கைவிட்டது. ஹூட்சூட் தன் இலவசத் திட்டத்தை எடுத்ததும் அதே ஆண்டில்தான்.

இனி இன்றைக்குக் கையில் இருப்பவை.

பஃபர் போன்ற வாடகைக் கருவிகள்தான் தொடங்க எளிது. பஃபரின் இலவசத் திட்டத்தில் 3 கணக்குகளை இணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 10 பதிவுகளை வரிசையில் வைக்கலாம். சிறு அமைப்புக்கு அது தாராளம். பேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், த்ரெட்ஸ், மாஸ்டடான், புளூஸ்கை எல்லாம் இருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்தது, ஒரே பதிவைத் தளத்துக்குத் தளம் மாற்றி எழுத இடம் தருவது. பேஸ்புக்கில் நான்கு பத்தி எழுதுவேன், புளூஸ்கையில் அதன் சாரம் மட்டும். அந்த வசதி இல்லாத எந்தக் கருவியையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே வாசகத்தை எல்லா இடத்திலும் கொட்டினால் பாதியில் அறுந்த வாக்கியமும் வேலை செய்யாத ஹேஷ்டேக்கும்தான் மிஞ்சும். படிப்பவருக்கு இது இயந்திரம் போட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

அறுவது எங்கே என்பதுதான் தமிழில் எழுதுபவருக்கு முக்கியம். "ஞாயிறு மாலை கூட்டம்" என்ற மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து, இரண்டு இடைவெளி, ஆக 11. புளூஸ்கையும் மாஸ்டடானும் இப்படித்தான் எண்ணுகின்றன. 'ஞா' அவற்றுக்கு ஓர் எழுத்து. எக்ஸ் (பழைய ட்விட்டர்) அப்படி எண்ணுவதில்லை. 'ஞ' ஒன்று, கால் ஒன்று, புள்ளி தனியாக ஒன்று. அதே மூன்று சொல் அங்கே 19. ஆகவே எக்ஸின் 280-இல் நமக்குக் கிடைப்பது, என் அனுபவத்தில், 160 அல்லது 170 எழுத்துதான். புளூஸ்கையின் 300 நிஜமாகவே 300 எழுத்து. ஆனால் பல கருவிகள் எல்லாத் தளத்துக்கும் எக்ஸ் மாதிரியே ஒரே கணக்கு வைத்திருக்கின்றன. புளூஸ்கை மகிழ்ச்சியாக ஏற்கும் பதிவைக் கருவி சிவப்பில் காட்டி அனுப்ப மறுக்கும். இல்லாத வரம்புக்காக நல்ல வாக்கியத்தை வெட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

அடுத்தது லிங்க். ஒரு பதிவில் லிங்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை புளூஸ்கைக்கு பைட் கணக்கில், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகில், சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் 'ம' மூன்று பைட், அதன் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக மூன்று மூன்று. நம் மூன்று சொல் இங்கே 53 பைட். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு லிங்க் வைத்தால் அது, பூஜ்யத்திலிருந்து எண்ணும் அந்தக் கணக்கில், 54-ஆம் இடத்தில் தொடங்குகிறது. பைட்டை எண்ணாமல் எக்ஸ் மாதிரி எழுத்துக்குறிகளை எண்ணும் கருவி, 20-ஆம் இடம் என்று சொல்லிவிடும். அந்த இடம் 'மாலை'யின் 'ம' நடுவில் விழுகிறது. நீல நிறம் "மாலை கூட்டம்" மேல் படிந்து நிற்கும். உண்மையான முகவரி உயிரில்லாமல் கடைசியில் கிடக்கும். நான் ஒரு காலத்தில் பயன்படுத்திய கருவியில் இப்படித்தான் நடந்தது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் அங்கே இரண்டு கணக்கும் ஒன்றே.

ஹேஷ்டேக்கிலும் இதே நோய். உயிர்க்குறிகளை எழுத்தின் பகுதியாக ஏற்காத கருவி #சிறுகதை என்பதை #ச என்று அறுத்துவிடும். மீதி வெறும் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கருவிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: மேலே சொன்ன மூன்று சொல், ஒரு லிங்க், ஒரு தமிழ் ஹேஷ்டேக், இவற்றை ஒரு சோதனைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஐஎஃப்டிடிடி (IFTTT) வேறு வகை. அதில் நாம் எழுதுவதே இல்லை. வலைப்பதிவில் புதிதாக ஒன்று வந்தால் அதன் ஆர்எஸ்எஸ் ஓடையை (புதுப் பதிவுகளின் பட்டியலை) பார்த்து இன்னொரு இடத்தில் போடும் குழாய் அது. பிளாகரில் எழுதுபவர்களுக்கு, தமிழில் இன்னும் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், இந்த வழி கைகொடுக்கும். இலவசத்தில் இரண்டு குழாய்தான், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். தலைப்பும் லிங்க்கும் போனால் போதும் என்றால் சரி. போகும் முன் பார்த்துச் சரிசெய்ய இடமில்லை, போனபின் திருத்தவும் இல்லை. வலைப்பதிவிலிருந்து டெலிகிராமுக்கு மட்டும் ஒரு குழாய் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

மெட்டா பிசினஸ் சூட், அந்த நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்குமான சொந்தக் கருவி. இலவசம், சொன்ன வேலையைச் செய்கிறது.

சொந்த சர்வரில் நிறுவும் திறமூலக் கருவிகளில் மிக்ஸ்போஸ்ட், போஸ்டிஸ் இரண்டும் தெரிந்த பெயர்கள். மிக்ஸ்போஸ்டின் இலவசப் பதிப்பில் தளங்கள் குறைவு: பேஸ்புக் பக்கம், எக்ஸ், மாஸ்டடான். போஸ்டிஸில் பட்டியல் மிக நீளம், டெலிகிராமும் உண்டு. எழுத்தும் படமும் வரிசையும் நம் இயந்திரத்திலேயே இருக்கும் என்பதால் எனக்கு இவற்றின் மேல் மனம் போனது. ஆனால் நிறுவுவதைவிட அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தளத்திலும் டெவலப்பர் கணக்கு திறந்து, செயலி பதிவு செய்து, சாவி வாங்கி ஒட்ட வேண்டும். பேஸ்புக்கில் நம் செயலி சோதனை நிலையில் இருக்கும்வரை அது போடும் பதிவு நமக்கு மட்டும்தான் தெரியும். நான் இரண்டு நாள் பதிவு போட்டுவிட்டு, ஏன் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். சர்வர் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கும் பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ இது பொருந்தும். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அறிவிப்புப் போடும் நம் போன்றவர்களுக்கு இது பாரம்.

கடைசி வழிக்குத்தான் என் ஓட்டு: முதலில் சொந்த வலைப்பதிவில் போடு, பிறகு அங்கிருந்து வெளியே அனுப்பு. சொந்த இணையதளத்தை முன்னிறுத்தும் இண்டிவெப் இயக்கத்தார் இதை 'போஸி' (POSSE) என்கிறார்கள். மைக்ரோ.பிளாக் இந்த எண்ணத்தின் மேலேயே கட்டப்பட்ட சேவை. மாதம் 5 டாலருக்கு வலைப்பதிவும் கிடைக்கிறது, மாஸ்டடான், புளூஸ்கை, த்ரெட்ஸ் போன்றவற்றுக்கு அதுவே அனுப்பியும் விடுகிறது. வேர்ட்பிரஸில் இருப்பவர்களுக்கு ஜெட்பேக் சோஷியல் உண்டு.

வேர்ட்பிரஸின் ஆக்டிவிட்டிபப் செருகுநிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது வலைப்பதிவையே மாஸ்டடானில் பின்தொடரக்கூடிய ஒரு கணக்காக்கிவிடுகிறது. அங்கே ஒருவர் பதில் எழுதினால் அது நம் வலைப்பதிவின் கீழ் மறுமொழியாக வந்து சேர்கிறது. பதிவைத் திருத்தினால் திருத்தமும் அங்கே போகிறது. பெரியவர் படிக்கட்டில் காத்திருந்த அந்த நாளுக்கு இந்த ஒரு செருகுநிரல்தான் நேரான பதில், ஒரு தளத்துக்கு மட்டுமாவது.

மற்ற கருவிகளைச் செய்பவர்களிடம் நான் கேட்பதும் இதுதான். எந்தப் பதிவு எங்கெல்லாம் போயிருக்கிறது என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நான் ஒரு வரியை மாற்றினால், திருத்த முடிகிற தளங்களில் நீங்களே திருத்துங்கள். முடியாத தளங்களைப் பட்டியலிட்டு, "இங்கே இன்னும் பழைய நேரம் இருக்கிறது" என்று என்னிடம் சொல்லுங்கள். ஐம்பதாவது தளத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். படத்துக்கு நான் எழுதும் மாற்று விளக்கத்தையும் வழியில் தொலைத்துவிடாமல் எல்லா இடத்துக்கும் கொண்டுபோங்கள். எங்கள் வட்டத்தில் பார்வையற்ற வாசகர் இருவர் இருக்கிறார்கள், அந்த விளக்கம் இல்லாவிட்டால் அறிவிப்புப் படம் அவர்களுக்கு இல்லாத ஒன்று.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது. எல்லாம் முதலில் வேர்ட்பிரஸில். மாஸ்டடானுக்கு ஆக்டிவிட்டிபப். பஃபரின் மூன்று இலவச இடங்கள் பேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், புளூஸ்கைக்கு, மூன்றுக்கும் தனித்தனி வாசகம். டெலிகிராமில் கையால் ஒட்டுகிறேன். அறிவிப்புப் படத்தில் நாளும் இடமும் மட்டும் போடுகிறோம். நேரத்தைப் படத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். அந்தப் பெரியவருக்கு மட்டும் சனிக்கிழமை இரவு நானே போன் செய்துவிடுகிறேன்.