மதகைத் திறந்தால் திரை கறுக்கிறது: ஏர்லி ஆக்சஸ் கேமும் டிரைவர் மேல் விழும் பழியும்

கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க ரொம்ப நாளா ஆடுற அந்த ஆத்துக் கேம் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா? டிரைவர் பிரச்சினைன்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா?" டிரைவர் என்றால் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் விரிவாக இங்கே எழுதுகிறேன். கேமின் பெயரைச் சொல்லவில்லை. சிறிய குழு, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆடுகிறவர்களுக்கு எது என்று புரிந்துவிடும். ஆடாதவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் வேறு ஏர்லி ஆக்சஸ் (வேலை முடிவதற்கு முன்பே விற்பனைக்கு வரும்) கேம்களில் உதவும்.

முதலில் ஏன் இதை விடமுடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர் கட்டுவதுதான் ஆட்டம். இந்த வகைக் கேம்கள் பலவற்றில் தண்ணீர் என்பது நீலம் பூசிய தரை. இதில் தண்ணீர் உண்மையாகவே ஓடுகிறது. கரையில் கொஞ்சம் மண்ணை வெட்டினால் ஓட்டம் அந்தப் பள்ளத்தைத் தேடித் திரும்புகிறது. மேலே மழை பெய்தால் கலங்கல் நீர் மெல்லக் கீழே இறங்கி வருவது தெரிகிறது. வாய்க்கால் வெட்டி, அளவு பார்த்து மதகு வைத்து, கடைமடை வயல் வரை தண்ணீர் போய்ச் சேர்வதை உட்கார்ந்து பார்த்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். வயலுக்குள் நுழையும்போது தண்ணீர் வேகம் குறைந்து, காய்ந்த மண் ஓரமாக நிறம் மாறிக்கொண்டே போகும். அதை வரைந்தவர் நிஜ வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பிரச்சினையும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. முதல் பெரிய வெள்ளம் வரும்போது அணையின் எல்லா மதகுகளையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டிவரும். திறந்ததும் படம் உறைகிறது, மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் திரை கறுக்கிறது. டெஸ்க்டாப் திரும்பி வரும்போது நடுவில் சின்னப் பெட்டி: "கிராபிக்ஸ் டிரைவர் செயலிழந்தது. டிரைவரைப் புதுப்பிக்கவும்."

எனக்குள்ள மொத்தக் கோபமும் இந்தப் பெட்டி மேல்தான். வேலை முடியாத கேம் விழுவதில், அதாவது ஓடும்போதே நின்றுபோவதில், ஆச்சரியம் இல்லை. ஏர்லி ஆக்சஸ் பக்கத்திலேயே ஸ்டீம் எச்சரிக்கிறது: இப்போது இருக்கும் நிலையில் பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் காத்திருங்கள் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆனால் தண்ணீரில் விழுந்தாலும், மெமரி தீர்ந்து விழுந்தாலும், சேவ் ஃபைல் கெட்டு விழுந்தாலும் இதே வாக்கியம்தான் வருகிறது. வயிற்றுவலி, பல்வலி, கால்வலி என்று யார் வந்தாலும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது போல.

அந்த மாத்திரைக்கு ஆகும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புது டிரைவர் ஏறத்தாழ முக்கால் ஜிபி. நாளைக்கு 2 ஜிபி டேட்டா பேக்கில், போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவருக்கு அன்றைய டேட்டாவில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். மேலே போட்டு நிறுவினால் போதாது, சுத்தமாக எடுத்துவிட்டுப் போடு என்பார்கள். அதற்கு டிடியு என்ற இலவசக் கருவியை இறக்கி, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் முறை) போய், பழைய டிரைவரைத் துடைத்தெடுக்க வேண்டும். அப்போது இணையத்தைத் துண்டித்து வைக்காவிட்டால் விண்டோஸ் தானாகவே வேறொரு பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடக்கூடும். லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் சேஃப் மோடில் நுழையும்போதே ரெகவரி கீ கேட்கலாம், அதனால் அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் முடித்து கேமைத் திறந்தால், டிரைவர் மாறியதால் பழைய ஷேடர் கேஷ் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்களைத் தயார் செய்து சேமித்து வைத்தது) செல்லாது. எல்லா ஷேடர்களும் மறுபடி கம்பைல் ஆகின்றன, ஊரைச் சுற்றிப் பார்க்கும்போதெல்லாம் படம் திக்குகிறது. கடைசியில் மதகைத் திறந்தால் அதே கறுப்புத் திரை.

இங்கேதான் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். கேம் விழுந்த நேரத்துக்கு நேராக 4101 என்ற எண்ணில் ஒரு குறிப்பு இருக்கும்: டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்கப்பட்டது என்று. இது டிடிஆர் என்ற ஏற்பாட்டின் வேலை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த ஒரு வேலை 2 நொடிக்குள் முடியவில்லை, நடுவில் நிறுத்தவும் முடியவில்லை என்றால், கார்டு மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து விண்டோஸ் அதை ரீசெட் செய்கிறது. இது இல்லாத காலத்தில் இப்படி உறைந்தால் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டியிருந்தது. ஆக, திரை கறுப்பது காப்பாற்றுகிற வேலை. டிரைவரின் பெயர் அந்தக் குறிப்பில் இருப்பதால் குற்றவாளி அதுதான் என்று ஆகிவிடாது. 2 நொடியில் முடியாத வேலையைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

அதற்கும் பதில் இருக்கிறது, கேம் தன் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலில். கடைசிச் சில வரிகளில், கேமின் கட்டளைகளைக் கார்டுக்குக் கொண்டுபோகும் டைரக்ட்எக்ஸ் கொடுத்த ஒரு பிழை எண் இருக்கிறது. என் லாக்கில் ஒவ்வொரு தடவையும் அது 0006 என்று முடிகிறது. மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம்: மென்பொருள் அனுப்பிய கட்டளைகள் தவறாக அமைந்ததால் கார்டு நின்றது, இது அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்கள் ஆராய்ந்து திருத்த வேண்டியது. 0005 என்று முடிந்தால் கார்டு விலகிவிட்டது, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மாறியது. டிரைவருக்குள்ளேயே கோளாறு என்றால் அதற்குத் தனியாக 0020 என்று முடியும் எண் இருக்கிறது. இந்த வேறுபாடு கேமுக்குத் தெரிகிறது, அதுவே லாக்கில் எழுதுகிறது. ஆனால் பெட்டியில் அதைக் காட்டாமல் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

சந்தேகம் தீர என் சேவ் ஃபைலை வேறொரு நிறுவனத்தின் கார்டு வைத்திருக்கும் தோழிக்கு அனுப்பினேன். அவர் கார்டு என்னுடையதைவிடப் பெரியது. அங்கேயும் அதே அணை, அதே மதகு, அதே கறுப்புத் திரை. இரண்டு நிறுவனங்களின் இரண்டு டிரைவர்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கெட்டுப்போவது நடக்காத காரியம். டைரக்ட்எக்ஸ் 12-க்குப் பதிலாக 11-ல் ஓட்டிப் பார்த்தோம். பொதுவாக இது நல்ல வழிதான். 11-ல் மெமரி நிர்வாகத்தைப் பெரும்பாலும் டிரைவர் பார்த்துக்கொள்ளும், 12-லும் அதே வேலையைச் செய்யும் வல்கனிலும் அந்தப் பொறுப்பு கேமைச் சேர்ந்தது. அதனால்தான் பால்டர்ஸ் கேட் 3, வால்ஹைம் போன்றவை ஏர்லி ஆக்சஸில் இருந்தபோதே வல்கனா டைரக்ட்எக்ஸா என்று தேர்ந்தெடுக்க விட்டன, பலருக்கு மாற்றிப் போட்டதே தீர்வாக இருந்தது. இங்கே அதுவும் கைகொடுக்கவில்லை. வேலையின் அளவே பெரிது, எந்த வழியாக அனுப்பினாலும் 2 நொடியைத் தாண்டத்தான் செய்யும்.

பிழைச் செய்தி காட்டுகிற திசையிலேயே ஓடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் பல கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி விழுந்தன. கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. ஆட்கள் டிரைவரை மாற்றினார்கள், கார்டையே மாற்றினார்கள். கடைசியில் கோளாறு பிராசசரில் என்று தெரிந்தது. தேவைக்கு மேல் போன வோல்டேஜ் சிப்பைப் பாதித்திருந்தது. 2024-ல் இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (பிராசசருக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. உங்களிடம் அந்தப் பிராசசர் இருந்து, ஷேடர் கம்பைல் ஆகும்போதே கேம்கள் விழுந்தால், டிரைவரைத் தொடுவதற்கு முன், அந்தத் திருத்தம் கிடைக்க மதர்போர்டின் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 8, 10 என்று கூட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. சில 3டி மென்பொருள்களின் உதவிப் பக்கங்களும் இதைச் சொல்கின்றன, நீளமான ரெண்டர் வேலைக்கு அது நியாயம். கேமுக்கு நான் சொல்லமாட்டேன். மதகு திறந்ததும் முழுக் கம்ப்யூட்டரும் பல நொடி உறைந்து நிற்கிறது, சில சமயம் தாண்டுகிறது, சில சமயம் அப்புறமும் விழுகிறது. வேறு கேம் உண்மையாகவே மாட்டிக்கொண்டாலும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்.

சரி, எது வேலை செய்கிறது? நீரின் தரத்தை 'மீடியம்' ஆக்கினால் விழுவதில்லை. பள்ளத்தாக்கைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு என்று கார்டு கணக்கிடுகிறது. மீடியத்தில் கட்டங்கள் பெரிது, எண்ணிக்கை குறைவு. ஆனால் நான் மேலே சொன்ன அழகெல்லாம் அதோடு போய்விடும். வயலோரத்தில் நிறம் மாறுவது இல்லை, வாய்க்காலில் தண்ணீர் கட்டம் கட்டமாகத் தாவுகிறது. அதனால் நான் 'ஹை'யிலேயே வைத்திருக்கிறேன். மதகுகளை ஒவ்வொன்றாக, ஒன்றின் தண்ணீர் பரவி அடங்கிய பிறகு அடுத்ததைத் திறக்கிறேன். திறப்பதற்கு முன் சேவ். லேப்டாப்காரர்கள் விண்டோஸின் கிராபிக்ஸ் செட்டிங்கில் கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறித்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிராசசரோடு வரும் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

குழுவைப் பற்றி நல்லது சொல்லாமல் விட்டால் அநியாயம். லாக்கையும் சேவ் ஃபைலையும் அனுப்பியபோது அவர்களில் ஒருவரே பதில் எழுதினார். அடுத்த பேட்சில் (திருத்தத்தில்) வெள்ளக் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல ஃபிரேம்களில் ஓடவிட்டார்கள், எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் அடைந்த சந்தோஷம் பெரிது. பெரிய கம்பெனிகளின் கேம்களில் எனக்கு இப்படி யாரும் பதில் சொன்னதில்லை. அப்புறம் புது வரைபடங்களோடு வந்த பெரிய அப்டேட்டில் பழைய கோளாறு திரும்பிவிட்டது. ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் பீட்டாஸ் பகுதியில் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம், வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் புதுப் பதிப்பில் கட்டிய ஊர் அதில் திறக்காது. இவ்வளவுக்கு நடுவிலும் பெட்டியில் உள்ள வாக்கியம் அப்படியே இருக்கிறது. வெள்ளக் கணக்கைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாக்கியத்தைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?

வாங்க நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும். இந்த விதி ஏர்லி ஆக்சஸுக்கும் அதேதான். இந்தக் கேமில் முதல் அணை கட்டுவதற்குள்ளேயே அந்த 2 மணி நேரம் தாண்டிவிடும். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நம்பி வைத்துக்கொள்வீர்கள், அதற்குப் பிறகுதான் முதல் வெள்ளம் வரும்.

நண்பருக்கு என் பதில்: இப்போது வாங்காதீர்கள், பாதி விலைக்கும் வேண்டாம். உங்களுக்கு இரவில் கிடைப்பது கொஞ்ச நேரம், அதை டிரைவர் இறக்குவதில் செலவழிக்க வேண்டாம். நான் இன்றைக்கும் ஆடப்போகிறேன், தெற்குக் கரையில் புது வாய்க்கால் பாதியில் நிற்கிறது. பிழை எண்ணையும் லாக் ஃபைல் இருக்கும் இடத்தையும் அந்தப் பெட்டியிலேயே காட்டுகிற பேட்ச் வரட்டும். வெள்ளத்தில் விழுவது அப்போதும் தீராமல் இருந்தாலும், முழு விலை கொடுத்தே வாங்கச் சொல்வேன்.