பம்பருக்குள் தொங்கும் ஃபில்டர்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு கோல்ட் ஏர் இன்டேக்

கோல்ட் ஏர் இன்டேக் என்பது, கம்பெனி ஏர்பாக்ஸை (ஏர் ஃபில்டர் பெட்டியை) எடுத்துவிட்டு, என்ஜின் சூட்டுக்கு வெளியே பம்பருக்குள்ளிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க மாட்டும் குழாயும் ஃபில்டரும். சென்னையில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை அதைப் போட்ட காரை ஓட்டுகிறவருக்குக் குதிரைத்திறனைவிட முக்கியமான ஓர் எண் உண்டு. ஃபில்டரின் அடிவிளிம்பு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் அது. கிட் விற்கிறவர் சொல்லமாட்டார், பெட்டியிலும் அச்சிட்டிருக்காது. டயரில் சரியான காற்று வைத்து, சமதளத்தில் நிறுத்தி, நாலு பேரை உட்காரவைத்து டேப்பால் அளக்க வேண்டும். ஸ்விஃப்ட், போலோ அளவு வண்டிகளில் குழாய் கீழே இறங்கி ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் முடிந்தால் 25 முதல் 32 செ.மீ. வரும். கம்பெனி ஏர்பாக்ஸின் வாய் ரேடியேட்டருக்கு மேலே, பானெட் விளிம்பை ஒட்டி, இதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும். அதுவும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்பதை இன்டேக் வாங்கும் உற்சாகத்தில் யாரும் கவனிப்பதில்லை.

இங்கே பேசப்படும் அமைப்பு: டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 70 மி.மீ. அலுமினியக் குழாய், எண்ணெய் பூசிய பருத்தி கோன் ஃபில்டர், அதன்மேல் நீர் ஒட்டாத பாலியெஸ்டர் துணி உறை. மூன்று வடகிழக்குப் பருவமழை கடந்தாயிற்று.

முதலில் உறை. ஃபில்டர் செய்யும் கே அண்ட் என் நிறுவனம் இதை டிரைசார்ஜர் என்ற பெயரில் விற்கிறது. அவுட்டர்வேர்ஸ் என்ற நிறுவனத்தின் உறையும் அதே வேலைதான். துளி விழுந்தால் உருண்டு ஓடிவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். சாரலுக்கும், முன் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீருக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. காரணம் துணியின் மகிமை மட்டுமில்லை. 1.2 லிட்டர் என்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு அதிகபட்சம் 20 லிட்டர் காற்றை இழுக்கும். குழாய்க்குள் அந்தக் காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனாலும், 500 சதுர செ.மீ. பரப்புள்ள கோனின் வெளிப்பக்கத்தில் வேகம் நொடிக்கு 40 செ.மீ.தான். மழைத்துளியைத் துணி வழியாகப் பிய்த்து இழுக்க அது போதாது. மழையில் ஓட்டினாலே என்ஜின் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வது அதனால்தான் தவறு.

ஆனால் ‘வாட்டர் ப்ரூஃப் கவர்’ என்று சொல்லி விற்பது அதைவிடப் பெரிய தவறு. ஃபில்டர் முழுக்கத் தண்ணீருக்குள் போனால் காற்று வர வழியில்லை, என்ஜின் உறிஞ்சும் இழுவை ஏறும். ஒரு கிலோபாஸ்கல் இழுவைக்குத் தண்ணீர் 10 செ.மீ. ஏறும். த்ராட்டில் (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) திறந்திருக்கும்போது பத்து கிலோபாஸ்கல் வருவது கஷ்டமே இல்லை. அது ஒரு மீட்டர். பம்பருக்குள்ளிருந்து த்ராட்டில் பாடி வரை அத்தனை உயரம் எந்த ஹேட்ச்பேக்கிலும் கிடையாது. ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிப்பதுபோலத்தான், துணி தடுக்காது.

எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? 1197 சி.சி., நாலு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் 299 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 33 மி.லி. தண்ணீர் அமுங்காது என்பதால் அதற்குமேல் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது; பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலில் விகிதம் 17.6:1, அங்கே 19 மி.லி. போதும்.

அடுத்தது அலை. நிற்கும் தண்ணீரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கார் முன்னேறும்போது பம்பர் தண்ணீரைத் தள்ளிக் குவிக்கிறது. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் அது அதிகபட்சம் 14 செ.மீ. ஏறலாம். 12 கி.மீ.யில் 57 செ.மீ. வேகம் இரட்டித்தால் உயரம் நாலு மடங்கு. ஃபில்டர் 28 செ.மீ.யில் இருந்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் ஊர்ந்தால்கூட நிற்கும் தண்ணீர் 14 செ.மீ.க்குமேல் இருக்கக்கூடாது. 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 12 செ.மீ. ஆகவே முன்னே போகும் வண்டியின் ரிம்மின் கீழ்விளிம்பைத் தண்ணீர் தொட்டால் திரும்பிவிடுவதுதான் இந்த அமைப்புக்கான விதி. நடைபாதைக் கல்லை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் பல தெருக்களில் அந்தக் கல்லே புதைந்து கிடக்கிறது. கணேசபுரம், துரைசாமி சப்வேக்களில் அடி ஆழம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மழை நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். எதிரே மாநகரப் பேருந்து வந்தால் அதன் அலை தனிக்கணக்கு.

தண்ணீரில் ஆக்சிலரேட்டரை ஏற்றியே வைத்திரு என்ற பழைய அறிவுரை சைலன்சருக்குள் தண்ணீர் போகும் என்ற பயத்தில் பிறந்தது. ஓடும் என்ஜினின் புகையே ஐட்லிங்கிலும் பெரும்பாலும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். தாழ்ந்த இன்டேக் போட்டவருக்கு அந்த அறிவுரை விஷம்: இழுவை கூடும், அலை கூடும். ஐட்லிங்கில் தண்ணீர் குடித்த என்ஜின் சும்மா நின்றுபோய்த் தப்பிக்க வாய்ப்புண்டு. 3000 ஆர்.பி.எம்.மில் குடித்தால் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டே வெளியே வரலாம்.

பைபாஸ் வால்வு பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏ.இ.எம். என்ற நிறுவனம் விற்பது குழாயின் நடுவே பொருத்தும் வளையம். ஃபில்டர் மூழ்கி இழுவை ஏறினால் வளையத்தின் ஃபோம் மடல்கள் திறந்து அங்கிருந்து காற்று போகும், தண்ணீர் ஏறாது. யோசனை நல்லது. மூன்று நிபந்தனைகள் மறக்கக்கூடாதவை. வால்வு ஃபில்டரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் கூடுதல் பாதுகாப்பு. அதுவும் மூழ்கினால் கதை முடிந்தது. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் வால்வு சென்சாருக்கு முன்னால், அதாவது ஃபில்டர் பக்கம் வர வேண்டும். டர்போ வண்டிக்கு இது ஆகாது. இன்னொரு தொல்லை, பானெட் சூட்டில் ஃபோம் இறுகுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சின்ன ஆனால் உருப்படியான வேலை, ஃபில்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே தடுப்பு வைப்பது. கிட் மாட்டும்போது ஃபெண்டர் லைனரை (சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை) வெட்டிப்போடும் கடைகள் நிறைய. அந்த ஓட்டைதான் எல்லாச் சேற்றுக்கும் வாசல். 2 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட்டை ஹீட் கன்னால் வளைத்து, லைனரின் கிளிப் துளைகளிலேயே மாட்டலாம். ஃபில்டரிலிருந்து நாலு பக்கமும் குறைந்தது 3 செ.மீ. இடைவெளி விடுங்கள், தடுப்பின் அடியில் 8 மி.மீ. வடிகால் துளை இரண்டு போடுங்கள். துளை இல்லாத தடுப்பு வாளியாகிவிடும். இன்டேக் குழாயிலேயே வடிகால் துளை போடும் யோசனையை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. சென்சாருக்குப் பின்னால் விழுந்தால் அளக்கப்படாத காற்றும், எங்கே விழுந்தாலும் வடிகட்டாத தூசியும் உள்ளே போகும்.

உறையின் ஆயுள் நினைத்ததைவிடக் குறைவு. இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பக்க எலாஸ்டிக் தளர்ந்து, உறை ஃபில்டரின் கழுத்திலிருந்து மேலேறத் தொடங்கியது. மூன்றாவதில் நீர் விலக்கும் தன்மை பாதி போய், துளி உருளாமல் ஊறியது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், துணி நிறம் கறுத்தால் புது உறைக்கு நேரமாகிவிட்டது. துவைக்க மிதமான சோப்புத் தண்ணீர், நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் நீர் விலக்கும் பூச்சு கெட்டுவிடும்.

நனைந்த பருத்தி ஃபில்டரை அப்படியே விடக்கூடாது. தண்ணீர் எண்ணெயைக் கழுவிவிட்டால் நுண்தூசி நேராக உள்ளே போகும். நனைந்து ஊதிய கம்பெனிக் காகித ஃபில்டர்போல இது கிழியாது என்பதால் வெளியே தெரியவும் தெரியாது. கிளீனர் தெளித்து 10 நிமிடம், பிறகு உள்ளிருந்து வெளியே ஓடும்படி மெதுவான குழாய்த் தண்ணீர், பின் ஒரு நாள் முழுக்கக் காற்றில். கம்ப்ரஸர் காற்று அடித்தால் நூல் விலகிவிடும். முழுக்கக் காய்ந்தபின் ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் மெல்லிய ஒரு கோடு எண்ணெய், 20 நிமிடம் பொறுத்து வெளுத்த இடத்தில் மட்டும் இன்னொரு தொடல். தாராளமாக ஊற்றினால் உபரி எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து, ஐட்லிங் தடுமாறும்; அந்தக் கோளாறுக்கு மழையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாட்டர் வாஷ் கடையில் பானெட்டைத் திறந்தால் ஃபில்டரின் மேல் பாலித்தீன் பை கட்டச் சொல்லுங்கள். கிளம்பும்முன் அதைக் கழற்றினார்களா என்று நீங்களே பாருங்கள்.

இதையெல்லாம் மீறித் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக்கூடாது. வளையாமல் தப்பிய ராட்டும் அந்த இரண்டாவது முயற்சியில் வளையலாம். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஃபில்டரையும் குழாயையும் பிரியுங்கள். ஃபில்டரின் உட்பக்கமும் குழாயும் காய்ந்திருந்தால் பயம் பாதி போயிற்று. ஈரம் இருந்தால் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இடையில் முட்டினால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கட்டி இழுப்பதுதான் வழி. தடையில்லாமல் சுற்றினால் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, பிளக் இல்லாமலே சில நொடி செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றலாம். அப்புறம் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறமாக இருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாறாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஓட ஆரம்பித்த பிறகும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த ராட் லேசாக வளைந்திருக்கலாம். இன்று ஓடும், ஹைவேயில் உடையும். சொந்த வண்டியின் சேதத்துக்கான சாதாரண ஓன் டேமேஜ் பாலிசி ஹைட்ரோலாக்குக்குப் பொதுவாகப் பணம் தராது, என்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் வேண்டும். இன்டேக் மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் அதிலும் தகராறு வரும்.

மூன்று மழைக்குப் பிறகு எங்கள் தீர்ப்பு, கீழ்க்குழாய் தனியாகக் கழன்று வரும் இரண்டு துண்டுக் கிட்டைத் தவிர வேறெதையும் வாங்கவேண்டாம் என்பது. செப்டம்பர் கடைசியில் இரண்டு ஹோஸ் கிளிப்பைத் தளர்த்திக் கீழ்த்துண்டைக் கழற்றி, ஃபில்டரை நேராக மேல் குழாயின் நுனியில், பானெட்டுக்குள் மாட்டிவிடலாம். அரைமணி நேர வேலை, ஃபில்டர் 30 செ.மீ.க்குமேல் உயர்ந்துவிடும். வெயில் நாளில் சிக்னலில் நிற்கும்போது இழுக்கும் காற்று சுடும், இன்டேக்கின் சத்தம் தவிர எல்லாப் பயனும் போகும். மழைக்காலத்து டிராஃபிக்கில் அந்தக் குதிரைத்திறனை யாரும் தேடப்போவதில்லை.

கழற்றிய துண்டின் இரு வாயையும் துணி வைத்து டேப் ஒட்டி எடுத்துவையுங்கள். பொங்கல் கழித்துத் திரும்ப மாட்டும்முன் டார்ச் அடித்து உள்ளே ஒருமுறை பாருங்கள். மூடாமல் வைத்த குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அது நேராகப் போவது த்ராட்டில் பாடிக்குள்.